கலத்தின் பின்பக்கம்

சிலிக்கான் சூரிய மின்கலத்தின் தடிமன் இன்று ஏறக்குறைய 130 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளித்துகள் சிலிக்கானில் பட்டு, பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கிறது. எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம் ‘துளை’ என்ற பெயரில், நேர்மின்னூட்டம் கொண்ட துகளைப் போலவே நகரத் தொடங்குகிறது. போரான் கலந்த பகுதியும் பாஸ்பரஸ் கலந்த பகுதியும் சேரும் சந்தியில் ஒரு மின்புலம் உண்டு. அது எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் பிரித்து அனுப்புகிறது. இரு பக்கங்களையும் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் கிடைக்கிறது.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் காட்டிய முதல் சிலிக்கான் கலம் சுமார் 6 சதவீத ஒளியாற்றலை மின்னாற்றலாக மாற்றியது. ஷாக்லியும் குவைசரும் 1961-ல் கணக்கிட்டபடி, ஒரே சந்தி கொண்ட சிலிக்கான் கலம் 30 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதைவிடக் குறைந்த ஆற்றல் கொண்ட அகச்சிவப்பு ஒளி கலத்தை ஊடுருவிப் போய்விடுகிறது. அதைவிட அதிக ஆற்றல் கொண்ட நீல ஒளியின் உபரி, வெப்பமாக வீணாகிறது. இவ்விரண்டும் இயற்கை விதிக்கும் இழப்புகள். பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் 6-க்கும் 30-க்கும் நடுவில் கிடப்பது பெரும்பாலும் இயற்கையின் கட்டளை அல்ல. மறுசேர்க்கை என்னும் விபத்து. விடுபட்ட எலக்ட்ரான் வெளிக்கம்பியை எட்டுவதற்கு முன்பே வழியில் ஒரு துளையைச் சந்தித்து அதில் விழுந்துவிடுகிறது. படிகத்தில் கலந்துள்ள இரும்பு, டைட்டானியம் போன்ற மாசணுக்கள் இதற்கு வழிசெய்கின்றன. படிகத்தின் ஓரம் இன்னும் மோசம். சிலிக்கான் அணு ஒவ்வொன்றும் நான்கு அண்டை அணுக்களுடன் பிணைந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் அண்டை அணு இல்லாத பிணைப்புகள் பாதியில் தொங்குகின்றன. அலையும் எலக்ட்ரான்களுக்கு அவை பொறிகள்.

அந்தப் பொறிகளை மூடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் மார்ட்டின் கிரீன். 1948-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்து, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படித்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1974-ல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை எரிபொருள் விலையை உலுக்கியிருந்தது. சூரிய ஆற்றல் ஆய்வுக்குப் பல நாடுகளில் பணம் வந்தது. கிரீனின் முனைவர் பட்ட ஆய்வின் மையம் சூரிய கலம் அல்ல. உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் வைத்தால் மின்னோட்டம் எப்படி நடக்கும் என்பதே அதன் பொருள். மேற்பரப்பைப் பற்றிய அந்த அறிவே பிறகு கைகொடுத்தது.

அக்காலத்தில் பலர் கலத்தின் மின்னோட்டத்தைக் கூட்டப் பார்த்தார்கள். கிரீனின் குழு மின்னழுத்தத்தைக் கவனித்தது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் எவ்வளவு உயர்கிறது என்பதே அதனுள் மறுசேர்க்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கான நேரடி அளவுகோல். முன்பக்கத்தில் மிக மெல்லிய சிலிக்கான் டைஆக்சைடு படலம் வளர்த்து, தொங்கும் பிணைப்புகளை மூடினார்கள். உலோகம் சிலிக்கானைத் தொடும் இடங்களை முடிந்தவரை சிறிதாக்கினார்கள். 1985-ல் இந்தக் குழுவின் கலம் 20 சதவீதத்தைத் தொட்டது. சிலிக்கான் கலத்தில் அதுவரை யாரும் எட்டாத அளவு அது.

முன்பக்கம் சரியானதும், அதுவரை மறைந்திருந்த பின்பக்கத்தின் குறை தெரியத் தொடங்கியது. வழக்கமான கலத்தில் பின்பக்கம் முழுவதும் அலுமினியப் பசை பூசிச் சுடுவார்கள். அலுமினியம் சிலிக்கானோடு கலந்து ஒரு மின்புலத்தை உண்டாக்கி, எலக்ட்ரான்களை ஓரளவு முன்னோக்கித் தள்ளும். அது ஓரளவுதான். உலோகம் முழுப்பரப்பையும் தொடுவதால் மறுசேர்க்கை ஓயாது. சிலிக்கான் ஒளியை மெதுவாகவே உறிஞ்சும் பொருள் என்பதால், சிவப்பும் அருகிலுள்ள அகச்சிவப்பும் கலத்தின் அடிவரை வந்துவிடுகின்றன. அங்கே அலுமினியம் கலந்த அடுக்கு அவற்றைத் திருப்பி அனுப்பாமல் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. 1983-ல் கிரீன் ஓர் ஆய்வறிக்கையில் எழுதிய யோசனை இதற்கு விடை. பின்பக்கத்தையும் மின்காப்புப் படலத்தால் மூடு. உலோகம் தொடுவதற்குச் சிறு திறப்புகளை மட்டும் விடு. படலம் தொங்கும் பிணைப்புகளை அடக்கும், கூடவே கண்ணாடியாகவும் நின்று ஒளியை மேலே திருப்பும். இந்த வடிவத்துக்கு ‘பெர்க்’ என்ற சுருக்கப்பெயர் நிலைத்தது. ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவோ ஆகியோருடன் சேர்ந்து செய்த கலத்தின் முடிவு 1989-ல் வெளியானது: 22.8 சதவீதம்.

தொடர்ந்து வந்த வடிவங்களில் மேற்பரப்பைத் தலைகீழ்ப் பிரமிடுகளாகச் செதுக்கி, திறப்புகளுக்குக் கீழே மட்டும் கூடுதலாக போரான் செலுத்தினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் அளவு 24.7 சதவீதத்தை எட்டியது. 2008-ல் சூரிய ஒளிக்கான சர்வதேச நியமம் திருத்தப்பட்டபோது, கலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அது 25.0 ஆனது. சாதனைப் பட்டியல்கள் எவ்வளவு கவனமாகப் படிக்கப்பட வேண்டியவை என்பதற்கு இது நல்ல உதாரணம். 1993 முதல் அப்பட்டியலைத் தொகுத்து வருபவர்களில் முதன்மையானவரும் கிரீனே. அந்த 25 சதவீதத்தை 2014-ல்தான் ஜப்பானின் பானசோனிக் முறியடித்தது.

ஆனால் அந்தக் கலத்தை ஒரு தொழிற்சாலையும் வாங்கவில்லை. ஆய்வகக் கலத்துக்கு மிகத் தூய்மையான வேஃபர் (மெல்லிய சிலிக்கான் தகடு) வேண்டும், கணினிச் சில்லு செய்வது போல ஒளி அச்சுமுறையைப் பலமுறை செய்ய வேண்டும், 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஆக்சைடு வளர்க்க வேண்டும். தொழிற்சாலையிலோ திருமண அழைப்பிதழ் பட்டறையில் மை தள்ளுவதைப் போன்ற ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் வெள்ளிப் பசையை முன்னும் அலுமினியப் பசையைப் பின்னும் அச்சடித்து, உலையில் சில நொடி சுட்டு அனுப்பிவிடுவார்கள். 15 சதவீதம் வந்தால் போதும் என்பதே கணக்கு. ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே இருந்த இந்தத் தூரம் கால் நூற்றாண்டு நீடித்தது. கலத்தின் அறிவியல் அந்தக் காலத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. கலத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் விநியோகச் சங்கிலி மாறியது, அதுவே தூரத்தைக் குறைத்தது.

அந்தச் சங்கிலி குவார்ட்ஸ் பாறையில் தொடங்குகிறது. குவார்ட்ஸை கரி, மரச்சில்லுகளோடு மின்வில் உலையில் இட்டு ஏறக்குறைய 2,000 டிகிரிக்குச் சூடாக்கினால், கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, 98 முதல் 99 சதவீதம் தூய சிலிக்கான் உருகி வடிகிறது. அலுமினிய உலோகக் கலவைகளுக்கும் சிலிகோன்களுக்கும் இது போதும். மின்கலத்துக்குப் போதாது, நூறு கோடி அணுக்களில் ஒன்றிரண்டு இரும்பணு இருந்தாலே எலக்ட்ரானின் ஆயுள் குறைந்துவிடும். எனவே சிலிக்கானை ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைபுரிய வைத்து டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுகிறார்கள். அதன் கொதிநிலை 32 டிகிரிக்கு அருகில். அதனால் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிப்பது எளிது. திடப்பொருளைச் சுத்தம் செய்வதைவிடத் திரவத்தைச் சுத்தம் செய்வது சுலபம் என்ற பழைய வேதியியல் தந்திரம்தான். தூய்மையான ஆவியை, 1,100 டிகிரியில் செஞ்சூட்டில் நிற்கும் மெல்லிய சிலிக்கான் தண்டுகளின் மேல் ஹைட்ரஜனோடு செலுத்தினால், சிலிக்கான் தண்டின் மேல் படிந்து பருக்கிறது. இது சீமென்ஸ் முறை. கிடைப்பது பாலிசிலிக்கான், தசம புள்ளிக்குப் பிறகும் 9-கள் தொடரும் தூய்மை.

இந்த முறையின் செலவில் முக்கியப் பங்கு மின்சாரம். ஒரு கிலோ பாலிசிலிக்கானுக்கு ஒரு காலத்தில் 100 யூனிட்டுக்கு மேல் செலவானது. இன்று சிறந்த ஆலைகளில் அதில் பாதி. ஆலை எங்கே அமையும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. சீனாவின் சின்ஜியாங்கிலும் உள்மங்கோலியாவிலும் மலிவான நிலக்கரி மின்சாரம், சிச்சுவானிலும் யுன்னானிலும் நீர்மின்சாரம் இருக்கிறது. பாலிசிலிக்கானின் வரைபடம் இவற்றையொட்டியே வளர்ந்தது.

அடுத்த கட்டம் படிகம் வளர்ப்பது. போலந்துக்காரர் ஜான் சோக்ரால்ஸ்கி 1916-ல் கண்டுபிடித்த முறை இது: 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கானில் ஒரு விதைப்படிகத்தைத் தொட்டு, சுழற்றியபடி மெல்ல மேலே இழுத்தால் ஒரே படிகமாக நீண்ட உருளை வளரும். உருகிய சிலிக்கானைத் தாங்கும் குவளை மிகத் தூய்மையான குவார்ட்ஸால் ஆனது. அதன் உள்ளடுக்குக்கு வேண்டிய மணலுக்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற சிற்றூரின் சுரங்கங்களை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்து சுரங்க வேலையை நிறுத்தியபோது, சூரிய கலத் தொழிலும் கணினிச் சில்லுத் தொழிலும் ஒரே நேரத்தில் பதறின. எல்லாச் சங்கிலியிலும் இப்படி யாரும் பேசாத ஒரு கண்ணி இருக்கும் போலும்.

இவ்விரு தொழில்களின் உறவு பழையது. 2000-களின் தொடக்கம் வரை சூரியத் தொழில் தனக்கென்று சிலிக்கான் செய்யவில்லை. சில்லுத் தொழில் தேவைக்கு மிஞ்சியதையும், அதன் கடுமையான தர அளவைத் தாண்டாமல் கழித்ததையும் வாங்கிப் பிழைத்தது. ஜெர்மனி 2000-ல் இயற்றிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இதைக் குலைத்தது. கூரையில் மின்சாரம் செய்பவருக்கு 20 ஆண்டு நிலையான விலை என்று அது உறுதியளித்தது. 2004-ன் திருத்தம் விலையை மேலும் கவர்ச்சியாக்கியது. தேவை பாய்ந்தது. சில்லுத் தொழிலின் மிச்சம் போதவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சூரியத் தொழில் பயன்படுத்தும் சிலிக்கான், சில்லுத் தொழில் பயன்படுத்துவதைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில்தான் சிட்னி ஆய்வகம் மீண்டும் வருகிறது, இம்முறை மனிதர்கள் வழியாக. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் பிறந்த ஷி ஜெங்ரோங் 1992-ல் கிரீனின் கீழ் முனைவர் பட்டம் முடித்தார். ஆஸ்திரேலியாவிலேயே மெல்லிய படலக் கலங்கள் செய்யும் பசிபிக் சோலார் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பின்னர் ஊர் திரும்பி 2001-ல் வூஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்க முதலீட்டில் 60 லட்சம் டாலரை வூஷி நகர நிர்வாகத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் தந்தன. 2002-ல் முதல் உற்பத்தி வரிசை ஓடத் தொடங்கியது: ஆண்டுக்கு 10 மெகாவாட். வாங்கிய இயந்திரங்களில் பழையவையும் உண்டு. தானியங்கி வேண்டிய இடத்தில் ஆட்களை வைத்தார்கள். 2005 டிசம்பரில் சன்டெக் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. கிரீனின் நெருங்கிய சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் வெனம் அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார். ஜாவோவும் வாங்கும் 2006-ல் சிட்னியை விட்டு நான்ஜிங்கில் தொடங்கப்பட்ட இன்னொரு நிறுவனத்துக்குப் போனார்கள். உலகச் சாதனை படைத்த கலத்தை முதலில் கையால் செய்தவர்கள், உற்பத்தி வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். காப்புரிமையோ ஆய்வுக் கட்டுரையோ இந்த இடப்பெயர்வுக்கு ஈடாகாது; மேற்பரப்புப் படலத்தின் சூட்சுமம் அதை வளர்த்தவரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது.

பற்றாக்குறை உச்சத்துக்குப் போன 2008-ல், பாலிசிலிக்கானின் உடனடி விலை கிலோவுக்கு 400 டாலரைத் தாண்டியது. ஒரு வாட்டுக்கு 8 கிராம் சிலிக்கான் என்று வைத்தாலும் 3 டாலர் 20 சென்ட் மூலப்பொருளுக்கே போய்விடும். பெரும்பாலோர் நீண்டகால ஒப்பந்தத்தில் குறைந்த விலைக்கு வாங்கினார்கள் என்றாலும், அந்த ஒப்பந்தங்களே பிறகு தூக்குக்கயிறாயின. உயர்ந்த விலையைப் பார்த்துச் சீனாவிலும் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் புதிய ஆலைகள் எழுந்தன. உலக நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2012-ல் விலை 20 டாலருக்குக் கீழே விழுந்தது. உலகின் மிகப் பெரிய பேனல் தயாரிப்பாளர் என்ற இடத்தைச் சிறிது காலம் வகித்த சன்டெக், 2013 மார்ச்சில் 54 கோடி டாலர் கடன்பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் திவாலானது. ஆலைகளும் பழகிய ஆட்களும் மறையவில்லை. வேறு கைகளுக்குப் போனார்கள்.

சீனாவின் புதிய பாலிசிலிக்கான் ஆலைகளின் தொடக்க வருடங்களில் ஒரு கசப்பும் உண்டு. ஒவ்வொரு கிலோ பாலிசிலிக்கானுக்கும் பல கிலோ சிலிக்கான் டெட்ராகுளோரைடு கழிவாக வருகிறது. நீர்பட்டால் அமிலமாக மாறும் அந்தத் திரவத்தை ஹெனான் மாகாணத்தில் வயல்களுக்கு அருகே கொட்டிய செய்தி 2008-ல் வெளிவந்தது. கழிவை மீண்டும் டிரைகுளோரோசிலேனாக மாற்றும் மூடிய சுற்று முறையைப் பிறகு ஆலைகள் ஏற்றன. சுற்றுச்சூழல் விதிகள் ஒரு காரணம். அதில் உள்ள குளோரினும் சிலிக்கானும் காசு என்பது இன்னொரு காரணம்.

சிலிக்கான் விலை வீழ்ந்த பிறகுதான் பெர்க் கலத்துக்குக் காலம் வந்தது. முதல் பார்வையில் இது முரணாகத் தோன்றும். மூலப்பொருள் விலை அதிகமாக இருந்தபோதல்லவா செயல்திறன் முக்கியமாகியிருக்க வேண்டும்? கணக்கு வேறு. பேனலில் சிலிக்கான் மலிவானதும், மீதிச் செலவுகள் முன்னுக்கு வந்தன: கண்ணாடி, அலுமினியச் சட்டம், கப்பல் கூலி, நிலம், தாங்குகம்பங்கள், பொருத்தும் கூலி. இவை எல்லாம் பரப்பளவைப் பொறுத்தவை. அதே பரப்பில் 10 சதவீதம் கூடுதல் மின்சாரம் வந்தால் இத்தனை செலவும் ஒருசேர ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு குறைகிறது. இன்னொரு காரணம், பற்றாக்குறைக் காலம் விட்டுச்சென்ற மெல்லிய வேஃபர். வேஃபர் மெலிய மெலிய, எலக்ட்ரான்கள் பின்பக்கத்தை எட்டுவது எளிதாகிறது. பின்பக்கம் மோசமாக இருந்தால் அந்த இழப்பை இனி மறைக்க முடியாது.

வேண்டிய கருவியும் அப்போது கைக்கு வந்திருந்தது. 2006-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனமும் அலுமினியம் ஆக்சைடு படலத்தைச் சிலிக்கானின் மேற்பரப்பில் சோதித்துக் காட்டின. அந்தப் படலத்தில் இயல்பாகவே எதிர்மின்னூட்டம் தங்கியிருக்கிறது. போரான் கலந்த சிலிக்கானின் பின்பக்கத்தில் அது எலக்ட்ரான்களை நெருங்கவே விடாமல் விரட்டுகிறது. 1,000 டிகிரி உலையும் வேண்டாம், சில நூறு டிகிரி போதும். திறப்புகளை ஒளி அச்சுமுறைக்குப் பதில் லேசரால் சுட்டுப் போட்டார்கள். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையில் இரண்டே படிகளைச் சேர்த்தால் பழைய கலம் பெர்க் ஆகிவிடும். 1989-ல் ஆய்வகத்தில் பிறந்த வடிவம், 2010-களின் இறுதியில் உலகில் தயாரான கலங்களில் பாதிக்கு மேல் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே அதுவானது.

வழியில் ஒரு தடை வந்தது. போரானும், குவளையிலிருந்து சிலிக்கானில் கரையும் ஆக்சிஜனும் வெயில்பட்டதும் கூட்டுச் சேர்ந்து எலக்ட்ரான் பொறியாகின்றன. புதிய கலம் வெயிலில் சில நாட்களிலேயே தன் திறனில் கொஞ்சத்தை இழக்கிறது. மோசமான கலத்தில் இது தெரியாது. பெர்க் போல எலக்ட்ரானின் நீண்ட ஆயுளை நம்பியிருக்கும் கலத்தில் பளிச்சென்று தெரியும். படலத்தில் உள்ள ஹைட்ரஜனைச் சரியான மின்னூட்ட நிலையில் உள்ளே செலுத்தி அந்தப் பொறிகளை முடக்கும் முறையை வெனத்தின் குழு வகுத்தது. ஏறக்குறைய 2020 முதல் ஆலைகள் போரானுக்குப் பதில் காலியம் கலக்கத் தொடங்கின. காலியம் அலுமினியச் சுத்திகரிப்பின் துணைப்பொருள். அதன் உற்பத்தியிலும் சீனாவே மிக முன்னால் நிற்கிறது.

இத்தனை மாற்றங்களின் பலன் ஒரே எண்ணில் தெரிகிறது. 2004-ல் ஒரு வாட்டுக்கு சுமார் 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது; இன்று 2 கிராமைச் சற்றே தாண்டுகிறது. வைரத்துகள் பதித்த மெல்லிய கம்பியால் வேஃபர் அறுப்பது, அறுவையில் தூளாகிப் போவதைக் குறைத்தது. பேனலின் விலை 1970-களின் நடுவில் வாட்டுக்கு 70 டாலருக்கு மேல் இருந்தது, இப்போது 10 சென்டுக்கு அருகில். மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவந்திருக்கிறது. 2022-ல் உலகில் நிறுவப்பட்ட மொத்தத் திறன் ஒரு டெராவாட்டை, அதாவது 1,000 கிகாவாட்டைத் தாண்டியது.

இந்த அளவுக்கு வந்தபின், வாட்டுக்குச் சில மில்லிகிராம் என்பதும் பெரிய எண். வெள்ளியைப் பார்க்கலாம். கலத்தின் முன்பக்கம் தெரியும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசை. மின்சாரத்தைக் கடத்துவதில் அதற்கு நிகர் இல்லை, காற்றில் சுட்டாலும் கெடாது, அச்சடிக்க எளிது. ஒரு வாட்டுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு டெராவாட் பேனலுக்கு 10,000 டன் வெள்ளி வேண்டும். உலகச் சுரங்கங்கள் ஆண்டுக்குத் தருவது சுமார் 25,000 டன். இப்போதே சூரியத் தொழில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 டன் வாங்குகிறது. வெள்ளியின் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களின் துணைப்பொருள் என்பதால், விலை ஏறினாலும் உற்பத்தி உடனே ஏறுவதில்லை. பெர்க்கை அடுத்து வந்த ‘டாப்கான்’ வகைக் கலம் இருபக்கமும் வெள்ளி கேட்கிறது. சிலிக்கானின் மேல் வேறு வகைச் சிலிக்கான் படலம் பூசிய வேற்றுச்சந்திக் கலம் இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. போதாததற்கு அரிய உலோகமான இண்டியத்தையும் கேட்கிறது. செயல்திறன் பட்டியலில் மேலே இருக்கும் கலம், பொருள் பட்டியலில் கீழே போகிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரெட் ஹாலம் குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதையே கலவகை வாரியாகக் கணக்கிட்டது: ஆண்டுக்குப் பல டெராவாட் உற்பத்தி வேண்டுமானால், வெள்ளிப் பயன்பாடு இன்றைய அளவின் சிறு பகுதியாகக் குறைய வேண்டும்.

மாற்று செம்பு. அதில் ஒரு சிக்கல்: செம்பணு சிலிக்கானுக்குள் வேகமாக ஊடுருவி மறுசேர்க்கைப் பொறியாகிவிடும். நடுவே நிக்கல் போன்ற தடுப்பு அடுக்கு வேண்டும். இதுவும் புதிய எண்ணம் அல்ல. எண்பதுகளிலேயே கிரீனும் வெனமும் லேசரால் கலத்தில் பள்ளம் வெட்டி, அதில் நிக்கலும் செம்பும் பூசும் கலத்தை வடிவமைத்தார்கள். பிபி சோலார் அதை உரிமம் பெற்று ஸ்பெயினில் பல ஆண்டுகள் விற்றது. வெள்ளிப் பசையின் அச்சடிப்பு வேகத்துக்கு அது ஈடுகொடுக்காததால் பின்தங்கியது. அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் 2015-ல் தொடங்கிய சன்டிரைவ் நிறுவனம் வேற்றுச்சந்திக் கலத்தில் செம்பு பூசி 26 சதவீதத்தைத் தாண்டியது.

சங்கிலியின் இன்னொரு பலவீனம் அது ஒரே இடத்தில் குவிந்திருப்பது. சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய ஆண்டில் உலகின் பாலிசிலிக்கான் உற்பத்தித் திறனில் 79 சதவீதமும், வேஃபரில் 97 சதவீதமும், கலத்தில் 85 சதவீதமும், பேனலில் 75 சதவீதமும் சீனாவில் இருந்தன. 2020 கோடையில் அங்கே ஓர் ஆலையில் வெடிப்பும் இன்னொன்றில் வெள்ளமும் நேர்ந்தன. கிலோவுக்கு 7 டாலருக்கும் கீழே இருந்த பாலிசிலிக்கான், தேவையும் கூடியதால் 2022-ல் 40 டாலரை நெருங்கியது. சின்ஜியாங்கில் உய்குர் மக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், அங்கிருந்து வரும் பொருள்களைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பேனலை இறக்குமதி செய்பவர் இப்போது குவார்ட்ஸ் எந்தக் குழியில் எடுக்கப்பட்டது என்பது வரை தாள் காட்ட வேண்டும்.

இந்தியாவின் நிலை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதமும் கலத்துக்கு 25 சதவீதமும் சுங்கவரி விதிக்கப்பட்டது. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் 4.3 கிகாவாட் திறனுள்ள கல, பேனல் ஆலையைத் தொடங்கியது. பேனல் கோப்பது எளிது, முதலீடும் குறைவு. கலம் செய்வது அதைவிடக் கடினம். வேஃபரும் பாலிசிலிக்கானும் செய்ய மலிவான மின்சாரமும் பெரும் முதலீடும் நீண்ட பொறுமையும் வேண்டும். இந்தியக் கல ஆலைகள் வேஃபரைப் பெரும்பாலும் இன்னும் வெளியிலிருந்தே வாங்குகின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை வேறு வழியில் போகிறது. 3.3 கிகாவாட் திறனுள்ள அந்த ஆலையில் சிலிக்கானே இல்லை. கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லுரைடு மெல்லிய படலமாகப் படிகிறது. சீமென்ஸ் உலை, குவளை, வேஃபர் அத்தனையையும் அது தாண்டிவிடுகிறது. பதிலுக்கு, செம்புச் சுத்திகரிப்பின் அடிமண்டியில் கிடைக்கும் டெல்லூரியத்தை நம்பியிருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு டன்தான் கிடைக்கும் தனிமம் அது.

பெர்க்குக்காக கிரீனுக்கு 2022-ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும், கிரீன், பிளேக்கர்ஸ், வாங், ஜாவோ நால்வருக்கும் 2023-ல் பிரிட்டனின் ராணி எலிசபெத் பொறியியல் பரிசும் கிடைத்தன. பரிசு வந்த நேரத்தில் தொழில் பெர்க்கை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. பாஸ்பரஸ் கலந்த வேஃபரில் செய்யப்படும் டாப்கான், பின்பக்கத்தில் உலோகம் வேஃபரைத் தொடவே தொடாதபடி ஒன்றரை நானோமீட்டர் ஆக்சைடு படலத்தை நடுவில் வைக்கிறது. எலக்ட்ரான் அதைச் சுரங்கவழி கடந்து போகிறது. ஜெர்மனியின் ஃபிராவன்ஹோஃபர் ஆய்வகம் 2013-ல் காட்டிய இந்த வடிவம் இப்போது புதிய ஆலைகளில் முதலிடம் பிடித்திருக்கிறது.

ஒற்றைச் சந்தி சிலிக்கானின் எல்லையான 29.4 சதவீதம் அதிக தூரத்தில் இல்லை. 27-ஐத் தாண்டிய கலங்கள் வந்துவிட்டன. எனவே ஆய்வு சிலிக்கானின் மேல் இன்னொரு கலத்தை அடுக்குவதற்குத் திரும்பியிருக்கிறது. மேலே இருப்பது நீல ஒளியைப் பிடிக்கும், சிலிக்கான் மீதியை எடுத்துக்கொள்ளும். முன்னணியில் நிற்பது பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைச் சேர்மம். ஜப்பானில் மியாசாக்காவின் குழு 2009-ல் 3.8 சதவீதத்தோடு தொடங்கியது. 2024-ல் சீனாவின் லோங்கி நிறுவனம் சிலிக்கானோடு அடுக்கி 34.6 சதவீதம் காட்டியது. ஆனால் பெரோவ்ஸ்கைட்டில் ஈயம் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் அதைச் சிதைக்கின்றன. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்ட சந்தையில் இது பெரிய தடை.

கிரீனின் பல்கலைக்கழகத்தில் ஷியாஜிங் ஹாவோ தலைமையிலான குழு வேறொரு முனையிலிருந்து வருகிறது. செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய நான்கும் சேர்ந்த கெஸ்டரைட் என்ற சேர்மம் அவர்களுடைய பொருள். நான்கும் பூமியில் தாராளமாகக் கிடைப்பவை, விஷத்தன்மையும் குறைவு. அதன் ஆற்றல் இடைவெளி 1.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு மேலே அடுக்க ஏற்றது. 2018-ல் இந்தக் குழு 10 சதவீதத்தைத் தாண்டியது. தடை இங்கும் மறுசேர்க்கையே: செம்பும் துத்தநாகமும் அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் படிகத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடமாற்றத்தை வெப்பச் சிகிச்சையாலும் ஹைட்ரஜனாலும் கட்டுப்படுத்தும் வேலை நடந்துவருகிறது.